கைப்பிடி அரிசியும் பக்கத்து வீடும்

தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும்... வலசை. குத்துக்கல்வலசை, கணக்கப்பிள்ளைவலசை என்று. வலசை என்றால் இடம் பெயர்ந்து போவது. பறவைகள் வலசை போகின்றன என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பஞ்சமோ சண்டையோ துரத்த, மூட்டை முடிச்சோடு கிளம்பிய மனிதர்களுக்கும் அதே சொல்தான். அப்படிப் பார்த்தால், வலசை என்று பெயர் வைத்திருக்கும் ஊரில் யாரையும் 'வந்தேறி' என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்குப் புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான்!

இந்தக் கட்டுரையும் பக்கத்து வீட்டைப் பற்றியதுதான். பக்கத்து வீட்டுக்கு உதவி செய்வது எவ்வளவு எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குத்துக்கல்வலசையைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவனும் அப்படித்தான் நினைத்தான்.

அவன் இரண்டாம் ஆண்டு படிப்பவன். தென்காசிப் பக்கம் ஒரு சிறிய சபையின் வாலிபர் சங்கத்தில் உறுப்பினர். வாலிபர் சங்கம் என்றால் என்ன? கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவது, கீதபவனி போவது, பண்டிகை நாளில் அசனம் பரிமாறுவது. அசனம் தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைகளில் பண்டிகை அன்று ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் சோறும் கறியும். அந்த வருடம் சாரல் காலத்தில், சபையில் சேர்ந்திருந்த கைப்பிடி அரிசியை எடுத்து, கூடவே கொஞ்சம் பருப்பு, புளி, எண்ணெய், சோப்பு வாங்கி, பத்து வீடுகளுக்குப் பை போட்டுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சபைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அல்ல, தெருவில் கஷ்டப்படும் யாருக்கும். மாணவன் உற்சாகமாகக் கையைத் தூக்கினான். கூடப் போக ஒரு அண்ணாச்சி வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர், அறுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர்.

மூன்றாவது வீடு பீடி சுற்றும் ஒரு அக்காவின் வீடு. தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் தட்டு, ஒரு கையில் கத்தரி. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, மடக்கி... கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று முடிந்துவிடும். கணவர் இல்லை. கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் இலை கொடுக்கிறார்கள். ஒரே மகள் பதினொன்றாம் வகுப்பு.

மாணவன் பையைக் கொடுத்தான். கொடுக்கும்போதே இன்னொரு கையால் செல்போனை எடுத்து, "அக்கா, இங்க பாருங்க" என்றான்.

"போட்டோ எதுக்குய்யா?"

"சும்மாதான்க்கா. எங்க குரூப்ல போட."

அந்த அக்கா கோபப்படவில்லை. பையை அவன் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"அப்போ இத நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி. எம்பிள்ள பதினொண்ணாப்பு படிக்கா. கூடப் படிக்குத பிள்ளைங்க வீட்டுல எல்லாம் போனு இருக்கு. நாளைக்கு அவ பள்ளிக்கூடத்துல தல நிமிந்து உக்கார வேண்டாமா?"

அவ்வளவுதான். மறுபடியும் கத்தரியை எடுத்து இலையை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் அண்ணாச்சி வாயைத் திறந்தார். "மக்கா, அரிசிதான் கொண்டுபோனோம். ஆனா வெலையா அந்தப் பிள்ள மொகத்தக் கேட்டுட்டோம்லா..." மாணவனுக்கு டீ இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். இது அந்த ஒரு மாணவனின் தவறு மட்டுமா? யார் யாருக்கோ பை கொடுக்கும் படங்கள் தினமும் எத்தனை பேரின் செல்போனுக்கு வருகின்றன? கொடுப்பவர் சிரிப்பார். வாங்குபவர் தரையைப் பார்ப்பார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லும் வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

கைப்பிடி அரிசி என்ற வழக்கத்தைப் பார்த்தாலே இது புரியும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவிலோ பானையிலோ போடுவார்கள். வாரம் முடிந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். அதை ஏலம் விட்டுப் பணமாக்கி ஊழியத்துக்கு அனுப்பும் சபைகள் உண்டு. அரிசியாகவே ஏழைகளுக்குக் கொடுக்கும் சபைகளும் உண்டு. எந்தப் பிடி எந்த வீட்டு அரிசி என்று கண்டுபிடிக்கவே முடியாது. பணக்கார வீட்டுப் பொன்னியும் ஏழை வீட்டு ரேஷன் அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும். கொடுத்தவர் யார் என்று தெரியாமல் போவதுதான் இதன் அழகு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தியவர். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலை இன்றும் சோறு போடுகிறது. அங்கேயும் ஊர் ஊராக வரும் அரிசிதான் உலையில் விழுகிறது. நாட்டின் இன்னொரு மூலையில், மிசோரமின் பிரஸ்பிட்டேரியன் சபைக் குடும்பங்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கின்றன. திண்ணையில் எடுத்து வைக்கும் ஒரு பிடி சேர்ந்து சேர்ந்து பெரிய திருச்சபைப் பணிகளையே தாங்குகிறது.

சரி, திருநெல்வேலித் திருச்சபைக்கும் அக்கம்பக்கத்தாருக்கு உதவுவதற்கும் தொடர்பு எப்போது ஆரம்பித்தது? கிட்டத்தட்ட சபை ஆரம்பித்த அன்றே.

பாளையங்கோட்டையில் 1785-ல் கட்டி முடிக்கப்பட்ட சிறிய ஆலயத்தை இன்றும் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றுதான் சொல்கிறார்கள். கட்டியவர் குளோரிந்தா. பிராமணக் குடும்பத்தில் பிறந்து விதவையானவர். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸிடம் 1778-ல் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் ஆலயத்தோடு நிறுத்தவில்லை, ஒரு கிணறும் வெட்டினார். அதற்கும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர். தண்ணீர்தானே என்று நினைக்கக் கூடாது. எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம் என்பதே ஒருவரின் தலையெழுத்தைச் சொன்ன காலம் அது.

பிறகு வந்தவர் இரேனியஸ் ஐயர். ஜெர்மனிக்காரர், 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-ல் அங்கேயே இறந்தவர். அவர் காலத்தில் சபையில் சேர்ந்த ஏழைகளுக்குப் பெரிய பிரச்சினை என்ன தெரியுமா? குடியிருக்கும் நிலம் பண்ணையாருடையது. 'ஆலயத்துக்குப் போனால் குடிசையைக் காலி செய்' என்றால் போக இடமில்லை. இதற்காக 1830-ல் 'தர்ம சங்கம்' என்று ஒன்று தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டு நிலம் வாங்குவார்கள். வீடு இழந்தவர்களை அங்கே குடியேற்றுவார்கள். ஆலயமும் பள்ளிக்கூடமும் கட்டுவார்கள். ஏழைகளே சேர்ந்து ஏழைகளுக்கு நிலம் வாங்கினார்கள்! ஒரு பை அரிசி ஒரு வாரத்துக்கு வரும். ஒரு துண்டு நிலம் தலைமுறைக்கு வரும். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பிறகு பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி வந்தது. ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் தொடங்கியது. காது கேளாதோருக்கான பள்ளி வந்தது, 1897-ல் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கியது. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் வரும் பெரிய பெயர்கள். பெயர் வராதவர்கள், அதாவது பானையில் ஒரு பிடி எடுத்து வைத்த பெண்கள், எத்தனை ஆயிரம் பேரோ!

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் பேர் செத்துப்போனார்கள். மிஷனரிகள் கஞ்சி ஊற்றினார்கள், அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்தச் சமயத்தில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். 'அரிசிக்காகச் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சும் கூடவே வந்தது. அந்த ஏச்சு இன்றும் ஓயவில்லை. பசித்தவன் தன் பக்கத்தில் நின்றவனை நம்புவது இயற்கைதானே என்று ஒரு பக்கம் கேட்கலாம். சோறு போட்டவன் பதிலுக்கு எதையாவது எதிர்பார்த்தால் அது எப்படித் தர்மம் ஆகும் என்று இன்னொரு பக்கமும் கேட்கலாம். இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான். உதவி செய்யப் போகும் ஒவ்வொருவரும் இரண்டாவது கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த கசப்பு சாதி. வடக்கன்குளத்தில் 1872-ல் முடிந்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை போல இரண்டு பிரிவாகக் கட்டப்பட்டது. ஒரு சாதியாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறு பக்கம், நடுவில் சுவர். 1910 வாக்கில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பிறனை நேசி என்று பிரசங்கம் கேட்டுக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்! செங்கல் சுவர் போய்விட்டது. உதவிப் பட்டியல் எழுதும்போது 'அந்தத் தெரு வேண்டாமே' என்று யாராவது மெதுவாகச் சொன்னால், சுவர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தவறு புதிதும் அல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் ஆதிச் சபை தினமும் விதவைகளுக்கு உணவு கொடுத்து வந்தது. அதில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே, பந்தியில் ஓரவஞ்சனை! அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைத் திட்டவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கினான், காயம் கட்டினான் என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். திரும்பி வருவது! உதவி செய்கிறவர்கள் மறந்துபோகும் பகுதி இதுதான்.

இதையே பிரான்ஸ் நாட்டில் ஒரு பாதிரியார் அனுபவத்தில் கற்றுக்கொண்டார். வின்சென்ட் தே பவுல். 1617-ல் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் ஒரு குடும்பமே நோயில் படுத்துக் கிடக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். அன்று மாலை பார்த்தால், ஊரே ரொட்டியும் இறைச்சியுமாக அந்த வீட்டுக்கு ஊர்வலம் போகிறது! அவருக்குச் சந்தோஷம் வந்தது, கூடவே கவலையும் வந்தது. இன்றைக்கு இவ்வளவு சாப்பாடு, பாதி கெட்டுப் போகும். நாளை மறுநாள் யார் வருவார்கள்? அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று கண்டுகொண்டார். ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்தார். அந்த முறைதான் பிற்காலத்தில் உலகம் முழுதும் பரவிய பல தொண்டு அமைப்புகளுக்கு வித்து.

அந்தப் பெயரிலேயே 1833-ல் பாரிஸில் ஒரு சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் யார்? ஒரு கல்லூரி மாணவர்! பிரெடரிக் ஓசானம், வயது 20. முந்தைய ஆண்டுதான் காலரா வந்து பாரிஸில் சுமார் 18,000 பேர் இறந்திருந்தார்கள். மாணவர்களின் விவாதக் கூட்டம் ஒன்றில், உங்கள் திருச்சபை பழைய பெருமை பேசுகிறது, இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டார்கள். ஓசானமுக்குப் பதில் இல்லை. வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காமல், சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரியிடம் போய் வேலை கற்றுக்கொண்டார். வீடு தேடிப் போக வேண்டும், இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும், மறுபடியும் போக வேண்டும். அந்த வின்சென்ட் தே பவுல் சபை இன்று 150 நாடுகளுக்கு மேல் இருக்கிறது. தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலும் அதன் கிளை உண்டு. ஓசானமுக்கு 1997-ல் முத்திப்பேறு பெற்றவர் பட்டம் கிடைத்தது. கல்லூரி மாணவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒருவர் போதும்.

சொந்த மாநிலத்து அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து வீணானது. எல்லாம் இழந்தவருக்கும் சுயமரியாதை இருக்கிறது என்று அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். தங்கள் ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது! யார் என்ன மதம், எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்ன தேவை என்று பார்த்தார்கள், சூடாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

மறுபடியும் குத்துக்கல்வலசைக்கு வருவோம்.

அந்த வாரம் மாணவன் செல்போனில் இருந்த மற்ற இரண்டு வீட்டுப் படங்களையும் அழித்தான். அடுத்த ஞாயிறு அண்ணாச்சியோடு மறுபடியும் அந்த அக்கா வீட்டுக்குப் போனான். கையில் பை இல்லை.

"அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றான்.

"அதுக்கென்னய்யா... உக்காருங்க. கருப்பட்டிக் காப்பி குடிக்கியளா?"

உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. அரை மணி நேரம் பேச்சு. அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அரிசி அந்த வீட்டின் பிரச்சினையே இல்லை! தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். மாதா மாதம் வாங்கிவிடுகிறார். பிரச்சினை வேறு. ஒன்று, பல மாதமாக இருக்கும் இருமல். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், தனியாகப் போகப் பயம். இரண்டு, மகளுக்கு மேல்படிப்புக்கு என்ன செய்வது என்ற கவலை.

இரண்டாவது விஷயத்தில் மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது. 1976-ல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் பயன்களில் ஒன்று. விண்ணப்பம் இணையத்தில், ஆண்டுதோறும் கெடு தேதிக்குள் போட வேண்டும். அந்த அக்காவிடம் பீடி அடையாள அட்டை இருந்தது, டிரங்குப் பெட்டியின் அடியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்த அக்கா வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதெல்லாம் செஞ்சு தாறதுக்கு... நாங்க ஒங்க கோயிலுக்கு வரணுமோ?"

மாணவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அண்ணாச்சிதான் சொன்னார். "வரணும்னு சொன்னா அது ஒத்தாச இல்ல தாயி, யாவாரம். நான் கடையில பண்ணுததுதான் யாவாரம். நீ ஒன் அம்மன் கோயிலுக்குப் போ."

அதன் பிறகு நடந்தது ஒன்றும் சினிமா மாதிரி இல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. இ-சேவை மையத்துக்கு மூன்று தடவை நடந்தான். ஒரு தடவை சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு தடவை கைரேகை விழவில்லை. இத்தனை ஆண்டு இலையும் நூலும் உரசி அந்த அக்காவின் விரல் ரேகை தேய்ந்திருந்தது. அதைப் பார்த்த அன்று அவன் வீட்டில் யாரோடும் பேசவில்லை. கடைசியில் கெடு தேதிக்கு நான்கு நாள் முன்பு விண்ணப்பம் போனது. இருமலுக்கு, சபையிலிருந்து ஒரு அம்மா கூடப் போய், தென்காசி அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து வந்தார்கள். காசநோய் இல்லை, தூளால் வந்த தொந்தரவு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

வாலிபர் சங்கத்தில் சில மாற்றங்கள் வந்தன. படம் கிடையாது. பை கொடுப்பதற்கு முன் வெறுங்கையோடு ஒரு தடவை போய்ப் பேச வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போக வேண்டும். பட்டியலை ஒரே தெருக்காரர் எழுதக் கூடாது. பத்து வீடு என்பது நான்கு வீடாகக் குறைந்தது. 'போன வருஷம் பத்து வீடு செஞ்சோம், இப்ப நாலுதானா?' என்று கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். நியாயமான கேள்விதான். நான்கு வீட்டுக்குத் திரும்பிப் போவதே ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிடுகிறது என்று மாணவன் பதில் சொன்னான். மீதி ஆறு வீட்டை என்ன செய்வது? இன்னும் ஆட்கள் வந்தால்தான் முடியும். இதைப் படிக்கும் யாருக்காவது ஞாயிறு மதியம் வேலை இல்லையென்றால், எந்த ஆலயமோ கோயிலோ பள்ளிவாசலோ, பக்கத்தில் இப்படி ஒரு குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தாலே போதும், நீங்கள் பணக்காரர்தான்.

உதவித்தொகை அடுத்த மார்ச்சில் வந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. மகளின் கணக்கு ட்யூஷனுக்குச் சரியாக இருந்தது.

சித்திரையில் அந்தத் தெரு அம்மன் கோயிலில் கொடை. மேளச் சத்தமும் வில்லுப்பாட்டும் விடிய விடியக் கேட்டன. மறுநாள் காலை, அந்த மகள் ஒரு தூக்குச்சட்டியோடு மாணவனின் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே சர்க்கரைப் பொங்கல். அவனுடைய அம்மா ஒரு நொடி தயங்கினார். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று பல கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. முகத்துக்கு நேராக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பெண்ணே முந்திக்கொண்டாள். "அம்மா சொல்லச் சொன்னா அத்தை. இது படைக்கதுக்கு முந்தியே ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சதாம்."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சட்டியைக் கழுவி, அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் கொடுத்தார்.

மாணவன் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொடுப்பதற்கு முன்னால் வாங்குபவரை நினைத்துப் பார்ப்பது எப்படி என்று அந்த அக்காவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.